“யாரும் வேண்டாம்” என்கிற ஓட்டுக்கு உயிர் கொடுப்போம்!

(கட்சியின் இளைஞர் அணி நடத்திய வாக்குச்சாவடி முகவர்கள் பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். நேரலையில் பார்க்க முடியாத தோழர்களுக்காக இங்கே பதிவிடுகிறோம். பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறோம்.)



மேடையில் இருக்கும் மாநில, மாவட்ட நிர்வாகிகளே, ஒன்றிய, நகர, கிளைப் பொறுப்பாளர்களே, காலையிலிருந்து நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் வாக்குச்சாவடி முகவர்களே, நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கும் தோழர்களே!

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு நோட்டா. ஒரு கட்சி மேடையில் நோட்டாவைப் பற்றி எதுக்குப் பேசணும்னு உங்களில் சிலருக்குத் தோன்றும். நாம ஓட்டு கேட்டுப் போகிறவர்கள். நோட்டாவில் விழுகிற ஒவ்வொரு ஓட்டும் நமக்கு விழாத ஓட்டு. அதை வளர்த்துவிடுவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

நம்ம கட்சியின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேட்பாளர்கள் எல்லாரையும் நிராகரிக்கும் உரிமை வாக்காளருக்கு முழுசாக இருக்க வேண்டும். இன்றைக்கு இருப்பது அரைகுறை உரிமை. பட்டன் இருக்கிறது, அழுத்தலாம், சத்தம் கேட்கும், எண்ணிச் சொல்வார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. அந்த பட்டனுக்கு ஒரு பலன் வேண்டும். அந்தப் பலனால் நமக்கே அடி விழுந்தாலும் சரி, வேண்டும். ஏன் என்பதைத்தான் இப்போது பேசப் போகிறேன்.

முதலில் பழைய கதை.

நோட்டா வருவதற்கு முன்னால் 49ஓ என்று ஒன்று இருந்தது. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் ஒரு விதி. வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லாதவர் என்ன செய்யணும்? வாக்குச்சாவடிக்குப் போகணும், விரலில் மை வைத்துக்கணும், 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போடணும். அப்புறம் தலைமை அலுவலரிடம் “நான் யாருக்கும் ஓட்டுப் போடலைங்க” என்று வாய்விட்டுச் சொல்லணும். அவர் அதைப் பதிவேட்டில் எழுதி, மறுபடியும் கையெழுத்து வாங்குவார்.

அந்த அறையில் வேறு யார் உட்கார்ந்திருப்பார்கள்? நீங்கதான்! எல்லாக் கட்சி முகவர்களும். ஊரில் யார் வீட்டில் எத்தனை ஓட்டு என்று விரல் நுனியில் வைத்திருக்கும் ஆட்கள். அவர்கள் கண்முன்னால் எழுந்து நின்று “உங்க யாரையும் எனக்குப் பிடிக்கலை” என்று ஒரு கூலித் தொழிலாளி சொல்ல முடியுமா? சொல்லிவிட்டு மறுநாள் அதே ஊரில் வேலை கேட்க முடியுமா? ரகசிய வாக்கு என்பது தேர்தலின் உயிர். எவனோ ஒருவனுக்கு ஓட்டுப் போட்டால் ரகசியம் உண்டு, யாருக்கும் போடவில்லை என்றால் ரகசியம் கிடையாது என்பது என்ன நியாயம்?

இதை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம், பியூசிஎல், 2004-இல் உச்ச நீதிமன்றம் போனது. ஒன்பது வருஷம் கழித்து, 2013 செப்டம்பர் 27 அன்று தீர்ப்பு வந்தது. அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் அன்றைய தலைமை நீதிபதி ப. சதாசிவம், நம்ம ஈரோடு மாவட்டத்துக்காரர். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தில் ‘இவர்களில் யாரும் இல்லை’ என்று ஒரு பட்டன் வைக்கச் சொன்னது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பின் நோக்கம் என்ன தெரியுமா? பெரிய எண்ணிக்கையில் மக்கள் நிராகரிக்கிறார்கள் என்று தெரிந்தால், கட்சிகள் தானாகவே நல்ல வேட்பாளர்களைத் தேடும் என்பதுதான். அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் நடந்த டெல்லி, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மிசோரம் தேர்தல்களில் அந்த பட்டன் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது 2013 டிசம்பர் 4 ஏற்காடு இடைத்தேர்தலில்.

ரகசியம் கிடைத்தது. அது பெரிய வெற்றி, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பலன்?

ஒரு உதாரணக் கணக்கு. ஒரு தொகுதியில் ஒரு லட்சம் ஓட்டு விழுகிறது. நோட்டாவுக்கு 90 ஆயிரம், வேட்பாளர்கள் எல்லாருக்கும் சேர்த்து 10 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தாயிரத்தில் அதிகம் வாங்கியவர்தான் சட்டமன்ற உறுப்பினர். தேர்தல் ஆணையம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இதோடு முடியவில்லை. டெபாசிட் காப்பாற்ற ஆறில் ஒரு பங்கு ஓட்டு வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கிலும் நோட்டா சேராது. வேட்பாளர்களுக்கு விழுந்ததில்தான் ஆறில் ஒரு பங்கு. அதாவது வெற்றிக் கணக்கிலும் நோட்டா இல்லை, தோல்விக் கணக்கிலும் இல்லை. வரிசையில் நின்று, வெயிலில் காய்ந்து, விரலில் மை வைத்துக்கொண்டு வந்தவரின் ஓட்டு ஒரு புள்ளிவிவரமாக மட்டும் போய்ச் சேர்கிறது.

“நோட்டா முதலிடம் வந்தா தேர்தல் ரத்து” என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். 49ஓ காலத்திலும் இதே வதந்தி சுற்றியது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் அப்படி ஒரு விதி கிடையாது. வேண்டும் என்றுதான் நாம் கேட்கிறோம்.

சரி, பலனே இல்லாத பட்டனை யார் அழுத்துகிறார்கள்? 2014 நாடாளுமன்றத் தேர்தலில் சுமார் 60 லட்சம் பேர். 2019-இல் சுமார் 65 லட்சம் பேர். 2024-இல் சுமார் 63 லட்சத்து 70 ஆயிரம் பேர். மொத்த ஓட்டில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் நிற்கிறது. “பார்த்தீங்களா, நூத்துக்கு ஒண்ணுதானே!” என்று கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைத் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்றும் நடக்காது என்று தெரிந்தே அறுபது லட்சம் பேர் வரிசையில் நின்றிருக்கிறார்கள். வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாம். தேர்தல் மேல் நம்பிக்கை போனவர் வாக்குச்சாவடிக்கே வர மாட்டார். இவர்களுக்குத் தேர்தல் மேல் நம்பிக்கை இருக்கிறது, நம் மேல்தான் இல்லை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

2014-இல் இந்தியாவிலேயே அதிக நோட்டா ஓட்டு விழுந்த தொகுதி எது? நம்ம நீலகிரி. 46,559 ஓட்டுகள். ஏன் விழுந்தது? பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு மலையில் விவசாயிகள் வருஷக்கணக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள், அந்தக் கோபம் என்றார்கள் சிலர். ஒரு தேசியக் கட்சி வேட்பாளரின் மனு தள்ளுபடியாகி, அந்தக் கட்சியின் சின்னமே பட்டியலில் இல்லாமல் போனது, அதனால்தான் என்றார்கள் சிலர். அது தனித் தொகுதி, சாதிப் புத்திதான் காரணம் என்றும் சொன்னார்கள். எது உண்மை? எவ்வளவு பங்கு எதற்கு? அந்த பட்டன் சொல்லாது, அது ஊமை. எந்தக் கட்சியாவது மலையேறிப் போய், வீடு வீடாகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் வரவில்லை. பலன் இல்லாத ஓட்டுக்காக யார் படியேறுவார்கள்?

இப்போது 2024-க்கு வாங்க. இரண்டு ஊர்.

ஒன்று இந்தூர், மத்தியப் பிரதேசம். மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளில் காங்கிரஸ் வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கிவிட்டு பாஜகவுக்குப் போய்விட்டார். அந்தக் கட்சித் தொண்டனுக்கு ஓட்டுப் போடச் சொந்தச் சின்னம் இல்லை. “நோட்டாவுக்குப் போடுங்கள்” என்று அந்தக் கட்சி பிரசாரம் செய்தது. எண்ணிப் பார்த்தால் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு! வென்றவர் 12 லட்சத்துக்கும் மேல் வாங்கினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேட்பாளர்களில் அவருக்கு அடுத்து வந்தவர் வாங்கியது 51,659. நோட்டா அதைப்போல நாலு மடங்கு. இரண்டு லட்சம் பேர் சேர்ந்து ஒரு சேதி சொன்னார்கள். சட்டப்படி அந்தச் சேதிக்கு முகவரி கிடையாது.

இன்னொன்று சூரத், குஜராத். அங்கே காங்கிரஸ் வேட்பாளரின் மனு தள்ளுபடி. முன்மொழிந்தவர்களே “இது எங்க கையெழுத்து இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். மற்ற வேட்பாளர்கள் எல்லாரும் வாபஸ். மிஞ்சியது ஒருவர். ஏப்ரல் 22 அன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் முன்னாடியே, அவர் வெற்றி பெற்றதாக அறிவித்துவிட்டார்கள். 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள தொகுதி. ஒருத்தர் விரலில்கூட மை படவில்லை! மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 53, உட்பிரிவு 2 என்ன சொல்கிறது? ஒரு இடத்துக்கு ஒரே வேட்பாளர் என்றால் உடனே வெற்றி அறிவி என்கிறது. இதைத் திருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் போட்டிருக்கிறார்கள்.

நான் கேட்கிறேன். எதிர்க்க ஆள் இல்லை என்பதும், மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் ஒன்றா? களத்தில் வேட்பாளர் ஒருவர்தான் என்றாலும், எந்திரத்தில் இரண்டு பட்டன் இருக்கலாமே! ஒன்று அவருக்கு, இன்னொன்று நோட்டாவுக்கு. மக்கள் ஏற்றால் ஜெயிக்கட்டும், யார் தடுத்தார்கள்? போட்டி வேட்பாளரை வாபஸ் வாங்க வைக்கலாம், மனுவைத் தள்ளுபடி ஆக்கலாம். நோட்டாவை யாரும் விலைக்கு வாங்கி வாபஸ் வாங்க வைக்க முடியாது.

இதெல்லாம் கனவு என்று நினைக்காதீர்கள். நடந்திருக்கிறது.

1989 மார்ச், சோவியத் ரஷ்யா. லெனின்கிராட் பகுதியின் கட்சிச் செயலாளர் சொலவ்யோவ் தன் தொகுதியில் ஒரே வேட்பாளர். மக்கள் வாக்குச்சீட்டில் அவர் பெயரைப் பேனாவால் அடித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அடித்ததால், எதிரியே இல்லாத தேர்தலில் அவர் தோற்றுப்போனார். 2011, கொலம்பியா நாட்டில் பெல்யோ என்ற நகரம். மேயர் பதவிக்கு மிஞ்சியது ஒரே வேட்பாளர். அந்த நாட்டில் ‘வெற்று வாக்கு’ என்று நம்ம நோட்டா மாதிரி ஒன்று உண்டு. ஆனால் அதற்குப் பல் உண்டு. வெற்று வாக்கு பாதியைத் தாண்டினால் தேர்தலை ஒரு முறை திரும்ப நடத்தணும், பழைய ஆள் நிற்கக் கூடாது. பெல்யோ மக்கள் பாதிக்கு மேல் வெற்று வாக்குப் போட்டார்கள். மறுதேர்தல் நடந்தது.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் நம்ம நாட்டிலேயே இருக்கிறது. 2018-இல் அரியானா மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு உத்தரவு போட்டது. நோட்டாவையும் ஒரு வேட்பாளராகக் கருத வேண்டும். நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல். நோட்டாவிடம் தோற்றவர்கள் அந்த மறுதேர்தலில் நிற்க முடியாது. மறுதேர்தலிலும் நோட்டாவே முதலிடம் வந்தால், அடுத்த இடத்தில் இருப்பவர் வெற்றி, திரும்பத் திரும்பத் தேர்தல் கிடையாது. அந்த ஆண்டு டிசம்பரில் ஐந்து மாநகராட்சிகளுக்கு இந்த விதியோடுதான் தேர்தல் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை. மகாராஷ்டிராவும் அதே ஆண்டு உள்ளாட்சித் தேர்தல்களில் நோட்டா வென்றால் மறுதேர்தல் என்று உத்தரவிட்டது.

இனி எதிர்வாதங்கள். டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் உங்களிடம் கேட்பார்கள். பதில் கையில் இருக்கணும்.

முதல் வாதம்: “மறுதேர்தல் என்றால் செலவு. மக்கள் வரிப்பணம் வீண்.”

நம் நாட்டில் ஒரே ஆள் இரண்டு தொகுதியில் நிற்கலாம். இரண்டிலும் ஜெயித்தால் ஒன்றை விட்டுவிடலாம். 2014-இல் வதோதராவுக்கும், 2024-இல் வயநாட்டுக்கும் இடைத்தேர்தல் அப்படித்தான் வந்தது. இரண்டு பெரிய தேசியக் கட்சிகளின் தலைவர்களும் செய்ததுதான் அது. ஒரு தலைவரின் வசதிக்காக ஒரு தொகுதி முழுக்க மறுபடி தேர்தல் நடத்தலாம், வாக்காளர்கள் சேர்ந்து கேட்டால் மட்டும் செலவா?

தமிழ்நாட்டில் தேர்தல் நின்றுபோய் மறுபடி நடந்ததே இல்லையா? 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017-இல் ஆர்.கே. நகர். 2019-இல் வேலூர். எல்லாம் பணப் பட்டுவாடாவால் நின்ற தேர்தல்கள். அப்போது செலவைப் பற்றி யாரும் அழவில்லை. அந்த நாலு ஊரிலும் இன்னொரு பாடம் இருக்கிறது. தேர்தல் மறுபடி நடந்தபோது முக்கியக் கட்சிகள் யாரை நிறுத்தின? பெரும்பாலும் அதே பழைய வேட்பாளர்களை! ஆளை மாற்றாமல் தேதியை மாற்றினால் என்ன பயன்? அதனால்தான் நிராகரிக்கப்பட்டவர் அந்த மறுதேர்தலில் நிற்கக் கூடாது என்கிறோம். அந்த நிபந்தனை இல்லாத மறுதேர்தல் வெறும் கண்துடைப்பு.

இரண்டாவது வாதம்: “நிராகரிப்பது விரக்தி. விரக்தி ஜனநாயகத்தை வளர்க்காது. கட்சிகளைத் திருத்துங்கள், தானாகச் சரியாகும்.” மத்திய சட்ட ஆணையமே 2015-இல், தன் 255-வது அறிக்கையில், நிராகரிக்கும் உரிமை இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னது. உட்கட்சி ஜனநாயகம் போன்ற மற்ற சீர்திருத்தங்கள் போதும் என்பது அதன் கருத்து. அதை மதிக்கிறேன். ஆனால் கட்சியைத் திருத்துகிற கைப்பிடி யார் கையில் இருக்கிறது?

1996 மொடக்குறிச்சி நினைவிருக்கிறதா? அதுவும் ஈரோடு மாவட்டம்தான். விவசாயிகளின் கோரிக்கையை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. நோட்டாவும் கிடையாது. என்ன செய்தார்கள்? அவர்களே வேட்பாளர் ஆனார்கள். ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டி! வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அடிக்க வேண்டியிருந்தது. தேர்தலே தள்ளிப்போனது. அதே ஆண்டு ஆந்திராவின் நல்கொண்டாவில் ஃப்ளோரைடு கலந்த குடிநீருக்குத் தீர்வு கேட்டு மக்கள் மனுப் போட, அங்கே 480 பேர் களத்தில் நின்றார்கள். விரக்தி அடைந்தவன் செய்கிற வேலையா இது? நம்பிக்கை இருப்பவன் செய்கிற வேலை. டெல்லி அதற்கு என்ன பதில் சொன்னது? டெபாசிட் தொகையை ஏற்றியது. நாடாளுமன்றத்துக்கு 500 ரூபாயாக இருந்தது 10 ஆயிரமானது, சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்தது 5 ஆயிரமானது. குடிநீர் கேட்டவனுக்குக் கதவை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சாத்தினார்கள். மக்கள் ‘இல்லை’ என்று சொல்ல நேர் வழி இல்லாவிட்டால் சுற்று வழி தேடுவார்கள். நேர் வழியைத் திறந்துவிடுவதுதான் நல்லது.

மூன்றாவது வாதம். இதுதான் என்னை யோசிக்க வைக்கும் வாதம், தோழர்களே. இதைக் கவனமாகக் கேளுங்கள்.

“தனித் தொகுதியில் என்ன செய்வீர்கள்? ஆதிக்க சாதியினர் ஒன்று சேர்ந்து நோட்டாவைப் போட்டு, பட்டியல் சமூக வேட்பாளர்கள் எல்லாரையும் நிராகரித்துக்கொண்டே இருந்தால்?”

இது கற்பனை பயம் இல்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். மதுரை மாவட்டம். 1996-இல் ஊராட்சித் தலைவர் பதவியைப் பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கினார்கள். பத்து வருஷம் அந்த ஊர்களில் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. மனுப் போட விடவில்லை. போட்டு ஜெயித்தவரை ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006-இல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். ‘வேண்டாம்’ என்ற சொல் எல்லா நேரமும் நியாயத்தின் சொல்லாக இருக்காது என்பதற்கு அந்த ஊர்களே சாட்சி.

அதனால் நம்ம கோரிக்கையில் இதற்குப் பூட்டு இருக்கிறது. நிராகரிப்பு ஒரே ஒரு முறைதான். மறுதேர்தலிலும் அந்தத் தொகுதி தனித் தொகுதியாகவே இருக்கும். வேட்பாளர் மாறலாம், இட ஒதுக்கீடு மாறாது. மறுதேர்தலில் வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி, நோட்டா எவ்வளவு வாங்கினாலும் சரி. ஒரு ஆளைப் பிடிக்கவில்லை என்றால் அந்த ஆளை மாற்றலாம். ஒரு சமூகமே வேண்டாம் என்றால் அதற்கு இந்த பட்டனில் இடம் கிடையாது. சமூக நீதியை அடகு வைத்து வாங்கும் எந்த உரிமையும் நமக்கு வேண்டாம்.

ஆக, நம்ம கட்சியின் கோரிக்கை நான்கு. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: எந்த வேட்பாளரையும்விட நோட்டா அதிக ஓட்டு வாங்கினால் அந்தத் தேர்தல் செல்லாது. மறுதேர்தல் நடத்த வேண்டும்.

இரண்டு: நிராகரிக்கப்பட்டவர்கள் அந்த மறுதேர்தலில் நிற்கக் கூடாது. கட்சிகள் புது ஆளைக் கொண்டுவர வேண்டும்.

மூன்று: மறுதேர்தல் ஒரு முறைதான். இட ஒதுக்கீடு அப்படியே தொடரும். இரண்டாவது சுற்றில் வேட்பாளர்களில் முதலிடம் வருபவர் உறுப்பினர்.

நான்கு: போட்டியின்றித் தேர்வு என்பதே கூடாது. வேட்பாளர் ஒருவர் மட்டும் என்றாலும் நோட்டாவோடு வாக்குப்பதிவு நடக்க வேண்டும். நம்ம கிராமங்களில் ஊராட்சித் தலைவர் பதவியை ஏலம் விட்டு, பணம் கட்டியவரைப் போட்டியில்லாமல் உட்கார வைக்கும் அசிங்கத்துக்கும் இதுதான் மருந்து.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலுக்கு இதைச் செய்ய நாடாளுமன்றம் 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். உள்ளாட்சித் தேர்தல் மாநில விஷயம். அரியானாவும் மகாராஷ்டிராவும் செய்ததை ஏன் தமிழ்நாடு செய்யக் கூடாது? முதல் போராட்டத்தை அங்கிருந்தே தொடங்குவோம்.

கடைசியாக, உங்களிடம் நேரடியாக மூன்று விஷயம்.

முதலில் நம்ம இணையத் தோழர்களுக்கு. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் ஒரு தேசியக் கட்சி 1,417 ஓட்டும், நோட்டா 2,373 ஓட்டும் வாங்கின. “நோட்டாகிட்ட தோத்த கட்சி” என்று மீம் போட்டுத் தள்ளினோம். சிரிப்பு வந்தது, சரி. போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த 2,373 பேர் நம்மையும் சேர்த்துத்தான் வேண்டாம் என்று சொன்னார்கள் என்பதை அந்த மீமில் எழுத மறந்துவிட்டோம். நோட்டாவுக்குப் போட்டேன் என்று ஒருவர் பதிவு போட்டால் போய்த் திட்டாதீர்கள். “ஏன் அண்ணே? எதனாலம்மா?” என்று கேளுங்கள். பதிலைக் கட்சிக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது, முகவர்களுக்கு. தேர்தல் முடிந்ததும் படிவம் 20 என்று ஒன்று வெளியாகும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற பட்டியல். அதில் நோட்டாவுக்குத் தனிக் கட்டம் உண்டு. நம் எல்லாருக்கும் பழக்கம் என்ன? நம்ம சின்னத்துக்கு எவ்வளவு, எதிர்ச் சின்னத்துக்கு எவ்வளவு என்று இரண்டு கட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். இனி மூன்றாவதாக அந்தக் கட்டத்தையும் பாருங்கள். உங்கள் சாவடியில் 15 நோட்டா விழுந்திருக்கா, 50 விழுந்திருக்கா? பக்கத்துச் சாவடியைவிட அதிகமா? எதனால்? சாலை போடவில்லையா, ரேஷன் கடை தூரமா, பட்டா வரவில்லையா, இல்லை வேட்பாளரையே பிடிக்கவில்லையா? யார் போட்டார்கள் என்று தேடிப் போகாதீர்கள், அது ரகசியம், அதை மதிக்கணும். என்ன குறை என்று மட்டும் தெருவில் கேளுங்கள். 2016-இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 2021-இல் தியாகராய நகரில் 137 ஓட்டு. ஒரு தெருவின் கோபம் ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தீர்மானிக்கிற காலம் இது.

மூன்றாவது, நம்ம தலைமைக்கும் சேர்த்துச் சொல்கிறேன், மேடையில் நிர்வாகிகள் இருக்கும்போதே சொல்கிறேன். வேட்பாளர் தேர்வில் தொண்டனின் கருத்தைக் கேட்க வேண்டும். யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது, எந்த சாதிக்கு எத்தனை ஓட்டு இருக்கிறது என்ற கணக்கில் மட்டும் ஆளை இறக்கினால், இதே கோரிக்கை நாளைக்குச் சட்டமானதும் முதல் அடி நமக்கே விழும். விழட்டும். அந்தப் பயம் இருந்தால்தான் ஒழுங்காக ஆள் தேடுவோம். கடைக்காரர் காய்கறி அழுகலாக வைத்தால் வாங்காமல் போகும் உரிமை நமக்கு உண்டு. “இந்தக் கூடையில் இருப்பதில் ஏதாவது ஒன்றை வாங்கித்தான் ஆகணும்” என்று கடைக்காரர் சொன்னால் விடுவோமா? மக்களிடம் நாம் இத்தனை வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வாக்காளர் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையோடு இருந்து, அதற்குப் பிறகும் நம்மைப் பார்த்து ‘வேண்டும்’ என்று சொன்னால், அந்த ஓட்டுதான் உண்மையான ஓட்டு. அந்த ஓட்டை வாங்குகிற கட்சியாக நாம் இருப்போம்.



தோழர்களே, உரை பற்றிய உங்கள் கருத்தைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். உங்கள் வாக்குச்சாவடியின் நோட்டா எண்ணிக்கையைப் படிவம் 20-இல் பார்த்து, அங்கே மக்கள் சொல்லும் குறையோடு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பகிருங்கள்.

#நிராகரிக்கும்_உரிமை #நோட்டாவுக்கு_உயிர்_கொடு